வால்வைக் குற்றம் சொல்லும் முன்

வீட்டில் கட்டிய வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் முதல் முறை சுவிட்ச் போட்டதும் பாடவில்லை என்றால், கட்டியவரின் கை நேராக வால்வுக்குத்தான் போகிறது. பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்க்க இடம் கொடுக்கும் ஒரே உறுப்பு அது. கண்ணாடி, பழசு, சூடாகிறது என்று சந்தேகத்துக்கு வேண்டிய லட்சணங்கள் எல்லாம் அதற்கு உண்டு. ஆனால் புதிதாகக் கட்டிய கிட்டில் வால்வு குற்றவாளியாக இருப்பது அபூர்வம். நாம் ஈயம் வைத்த இடம், இடம் மாறிப்போன கம்பி, நிறக்கோடு தப்பாகப் படிக்கப்பட்ட ரெசிஸ்டர் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்.

இது இன்று தெரிந்துகொண்ட விஷயம் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்ற ஊரிலிருந்து 1947இல் ஓர் ஆசிலாஸ்கோப்புடன் மின்னணுக் கிட் வியாபாரத்தைத் தொடங்கியது ஹீத்கிட். பழுது பார்க்கத் தங்களிடம் திரும்பி வரும் கிட்டுகளில் சுமார் 90 சதவீதம் மோசமான இணைப்பாலும் சரியாகப் பிடிக்காத ஈயத்தாலும் படுத்துக்கொண்டவைதான் என்று அந்த நிறுவனம் தன் கையேடுகளிலேயே அச்சிட்டு எச்சரித்தது. வேலையை அந்தக் கருவியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கவும் அந்தக் கையேடுகள் சொல்லின. கட்டியவர் தன் தவறை எத்தனை தடவை பார்த்தாலும் சரி என்றே வாசித்துவிட்டுப் போவார். புதிய கண்தான் தட்டுத் தடுமாறி நிற்கும். அரை நூற்றாண்டு கழித்தும் இதைவிடச் செலவில்லாத சோதனை ஒன்று வரவில்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் உண்மையான சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பாட்டில்ஹெட் நிறுவனத்தின் 'கிராக்' என்ற கிட், இந்த வகையில் உலகெங்கும் அதிகம் பேர் கட்டிய ஒன்று. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. முன்னால் ஒரு 12ஏயூ7, பின்னால் ஒரு 6080. இரண்டுமே இரட்டை டிரையோடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி இடது சேனலுக்கு, மறுபாதி வலதுக்கு. 12ஏயூ7 சிக்னலின் வோல்டேஜைப் பெருக்குகிறது. அதன் பிளேட், நடுவில் கெப்பாசிட்டர் இல்லாமல் நேராக 6080இன் கிரிட்டோடு இணைகிறது. 6080 கேத்தோடு ஃபாலோயராக நின்று கரண்ட் கொடுக்கிறது. அங்கிருந்து 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் வழியாக ஹெட்போனுக்கு. 6080 பாட்டுக்காகப் பிறந்த வால்வே அல்ல. பவர் சப்ளைகளில் வோல்டேஜை நிலைநிறுத்தச் செய்யப்பட்டது. பிளேட் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 280 ஓம்தான் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட்டுகளுக்கு அதை இழுத்து வந்தார்கள். ஹீட்டருக்கு மட்டும் 2.5 ஆம்பியர் தின்னும்.

சர்க்யூட் முழுவதும் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் 170 வோல்ட் டிசி ஓடுகிறது, ஆளைக் கொல்ல அது போதும். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இதில் உண்டு. வால்வுகள் சூடாக இருக்கும்போது அணைத்தால் அவையே அந்தச் சார்ஜைச் சீக்கிரம் குடித்துவிடும். வால்வைக் கழற்றிவிட்டுச் சோதித்தாலோ, ஹீட்டர் எரியாமல் இருந்தாலோ குடிக்க ஆள் இல்லை. ஆகவே பழுதான ஆம்ப்ளிஃபையர், நன்றாகப் பாடும் ஆம்ப்ளிஃபையரைவிட ஆபத்தானது. 220 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் அதன் குறுக்கே 270 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தால், சார்ஜ் வடிய 5 நிமிடம் ஆகும். அந்த ரெசிஸ்டரின் ஈயமே விட்டிருந்தால் எத்தனை நிமிடம் என்று கணக்குச் சொல்ல முடியாது. எனவே கை வைக்கும் முன் மீட்டர் வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளப்பவர் கறுப்பு முனையை முதலைக் கிளிப்பால் சேஸியில் மாட்டிவிட்டு, ஒரே கையால் சிவப்பு முனையைப் பிடிப்பார். மற்றக் கை பாக்கெட்டில் இருக்கும். இந்த வித்தையைப் பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் பார்த்தவர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்திருக்கலாம். உயிருக்காகச் செய்தது அது.

கோளாறு தேடுகிறவர்களைக் கவனித்தால் பல கட்சிகள் தெரியும். காதை நம்புகிறவர்கள் ஒரு கட்சி: இரைச்சல் இப்படி இருந்தால் இந்தக் கோளாறு, அப்படி இருந்தால் அந்தக் கோளாறு. உறுப்பு உறுப்பாக மாற்றிப் பார்ப்பவர்கள் இன்னொரு கட்சி. கண்ணால் தேடுகிறவர்களும், மீட்டரால் தேடுகிறவர்களும், சிக்னலை ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடர்கிறவர்களும் மிச்சம். என் கணிப்பில் காது புகாரைக் கொண்டுவந்து தருவதோடு சரி. முகவரி சொல்வது மீட்டர்தான். மாற்றிப் பார்க்கும் கட்சிக்குச் செலவும் அதிகம், அறிவும் சேர்வதில்லை. புதிய 6080 வாங்கி வைத்துப் பாடிவிட்டால்கூட, செருகும்போது சாக்கெட் அசைந்ததில் விட்டுப்போன ஈயம் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டதா என்பது தெரியாமலே போகும்.

கண்ணால் தேடுவதற்குத் தனி மரியாதை தர வேண்டும், அதுவும் மின்சாரம் கொடுக்கும் முன்பே. முதலில் சாக்கெட். வால்வின் கால்களைக் கீழிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் எண்ண வேண்டும். மேலிருந்து பார்த்தபடியே கீழேயும் எண்ணிவிட்டால் சர்க்யூட் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். ஒன்பது கால் சாக்கெட்டில் 1 இருக்கவேண்டிய இடத்தில் 9, 2 இருக்கவேண்டிய இடத்தில் 8. ஐந்தாவது கால் மட்டும் தப்பிக்கும். 12ஏயூ7இன் ஹீட்டர் இன்னொரு பொறி. 4, 5 ஆகிய இரு முனைக்கும் இடையே 12.6 வோல்ட் கேட்கும் இரண்டு இழைகள், நடுமுனை 9. 6.3 வோல்ட்டில் ஓட்ட வேண்டுமானால் 4ஐயும் 5ஐயும் சேர்த்து ஒரு பக்கம், 9ஐ மறுபக்கம் இணைக்க வேண்டும். இதை மறந்து 4க்கும் 5க்கும் 6.3 கொடுத்தால் வால்வு மங்கலாக எரியும், அரைகுறையாகப் பாடவும் பாடும். அடுத்தவர் வந்து 'வால்வு வீக்' என்று தீர்ப்புச் சொல்ல இதைவிடத் தோதான சூழ்நிலை வேண்டியதில்லை.

ரெசிஸ்டர்களில் சிவப்பு, ஊதா, பழுப்பு என்றால் 270 ஓம். சிவப்பு, ஊதா, மஞ்சள் என்றால் 270 கிலோ ஓம். ஆயிரம் மடங்கு வித்தியாசம் ஒரே கோட்டில் தொங்குகிறது. நீல உடம்பு கொண்ட மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் கோடுகள் ஐந்து, பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரியும். சர்க்யூட்டில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிடுவதே புத்திசாலித்தனம். சர்க்யூட்டில் ஏறிய பிறகு பக்கத்து உறுப்புகள் குறுக்கே நின்று அளவைக் குழப்பும். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மைனஸ் பட்டையும் டையோடின் வெள்ளி வளையமும் திசை மாறினால் பாட்டுக்குப் பதில் வெடிச் சத்தம் கேட்கும்.

இனி ஈயம். நம் ஊர் டிவி மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்று சொல்லும் நோய்தான் ஹீத்கிட்டின் அந்த 90 சதவீதத்துக்குள் முக்கால்வாசி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஈயத்தை உருக்கிக் கம்பியின் தலையில் சொட்டுவிட்டால் அது ஆறி உருண்டையாக நிற்கும், பிடிப்பு இராது. சூடாக வேண்டியது கம்பியும் முனையும். அவற்றின் சூட்டில் ஈயம் தானே ஓடிப் பரவ வேண்டும். 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும், ஆனால் நாலு கம்பி சேரும் தடித்த முனை அந்தச் சூட்டை எட்டுவதற்குள் பொறுமையில்லாதவர் அயர்னை எடுத்துவிடுவார். இப்படிப்பட்ட முனைகளில்தான் மேலே இருக்கும் கம்பிக்கு மட்டும் ஈயம் கிடைத்து, அடித்துளையில் இருக்கும் கம்பி வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கிறது. குளிராக இருக்கும்போது வேலை செய்யும். சூடேறி உலோகம் விரிந்ததும் விட்டுவிடும். 'அரை மணி நேரம் பாடி ஒரு பக்கம் போய்விடுகிறது' என்ற புகார் வந்தால் முதல் சந்தேகம் இங்கே இருக்கட்டும். மூங்கில் குச்சியால் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல அசைத்துப் பார்த்தால் படபடவென்று காட்டிக்கொடுக்கும். உலோக ஸ்குரூ டிரைவர் இந்த வேலைக்கு ஆகாது.

முதல் மின்சாரம் கொடுக்க மோட்டார் ரீவைண்டிங் கடையின் 'சீரிஸ் லேம்ப்' முறைக்கு நிகர் இல்லை. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டி ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் விட வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அணைக்கலாம். ஆனால் பல்பு தொடரில் இருக்கும்வரை உள்ளே எடுக்கும் வோல்டேஜ் அளவுகளுக்கு மதிப்பில்லை, எல்லாமே குறைவாகத்தான் காட்டும். வெளிநாட்டிலிருந்து கிட் வரவழைத்தவர்கள் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியையும் பார்க்க வேண்டும். பல டிரான்ஸ்ஃபார்மர்களில் 120 வோல்ட் சுற்றுகள் இரண்டு இருக்கும். அமெரிக்க வீட்டுக்கு இணையாக, நம் 230க்குத் தொடராக. இணையாக விட்டு இங்கே செருகினால் ஹீட்டருக்கு 12 வோல்ட் போகும், புகை வரும். சரியாகத் தொடரில் போட்டால் 240க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 230இல் 4 சதவீதம் குறைவாகக் கொடுக்கும், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6 சொச்சம் வரும். அதை யாரும் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

வோல்டேஜ் அட்டவணைக்கு வருவோம். கிட்டோடு வரும் தாளில் முனை முனையாக எண்கள் இருக்கும். அவற்றை வரிசையாக அளந்து 'சரி, தப்பு' என்று குறித்து, தப்பான இடத்தில் இருக்கும் உறுப்பை மாற்றுவதுதான் பலர் செய்வது. அங்கேதான் சறுக்கல். சர்க்யூட் நன்றாக இருந்தால் சப்ளை 170 வோல்ட் அருகே, 12ஏயூ7இன் பிளேட் 75 முதல் 90க்குள், அதன் கேத்தோடு ஒன்றரை வோல்ட், 6080இன் கேத்தோடு 100ஐ ஒட்டி. அந்த ஒன்றரை வோல்ட் வருவது கேத்தோடில் நிற்கும் ஒரு சிவப்பு எல்இடியால். ரெசிஸ்டருக்குப் பதிலாக எல்இடி வைத்து பயஸ் கொடுப்பது ஒலிக்கு நல்லது என்பார்கள். பழுது பார்ப்பவருக்கு அதைவிட நல்லது, ஏனென்றால் அந்தப் பாதியில் கரண்ட் ஓடுகிறதா என்பதை மீட்டர் இல்லாமலே சொல்லிவிடும்.

ஒரு பக்க எல்இடி எரியவில்லை என்று வையுங்கள். பிளேட்டில் அளந்தால் 170. சப்ளை வோல்டேஜ் அப்படியே வந்து நிற்கிறதென்றால் நடுவிலுள்ள 22 கிலோ ஓம் ரெசிஸ்டரில் வோல்டேஜ் விழவில்லை, விழாததற்குக் காரணம் கரண்ட் இல்லை. சாதாரணமாக 4 மில்லி ஆம்பியர் ஓடி 90 வோல்ட்டை அங்கே கழித்திருக்கும். இப்போது பிளேட் நேராக 6080இன் கிரிட்டோடு இணைந்திருப்பதால் அந்தக் கிரிட்டும் 170க்குப் போகிறது, கேத்தோடும் கூடவே ஏறுகிறது, அதன் கீழுள்ள 3 கிலோ ஓம் ரெசிஸ்டர் அளவுக்கு மேல் சுடுகிறது. வழக்கமாகவே 33 மில்லி ஆம்பியர் வாங்கி 3 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும் உறுப்பு அது. கட்டியவரின் மூக்குக்கு முதலில் எட்டுவது அந்த வாசனைதான். ரெசிஸ்டரை மாற்றுகிறார், மறுபடி சுடுகிறது. 6080இன் எண்கள் எல்லாம் தப்பு என்பதால் புதிய 6080 வாங்குகிறார். மறுபடி அதே எண்கள். குற்றம் நடந்தது இரண்டு கட்டம் முன்னால், திருப்பி வைத்த ஓர் எல்இடியில், அல்லது மூன்றாம் காலின் டிரை சால்டரில். இரண்டில் எது என்பதையும் மீட்டரே சொல்லும். சாக்கெட்டின் காலில் சில வோல்ட்டும், அதே கம்பி போய்ச் சேரும் எல்இடியின் முனையில் பூஜ்யமும் காட்டினால் இடையிலுள்ள இணைப்பு செத்திருக்கிறது. நேரடி இணைப்புள்ள சர்க்யூட்டில் ஒரு கோளாறு நாலு இடத்தில் தப்பான எண்ணாகத் தெரியும். சிக்னல் வரும் வழியில் முதலாவதாக எந்த எண் பிசகுகிறதோ, அதற்குக் கீழே உள்ளவற்றை அப்போதைக்கு மறந்துவிட வேண்டும்.

எல்இடி எரியாத இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. பிளேட்டில் அளந்தால் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. கரண்ட் இல்லை என்பது இங்கேயும் பொதுதான், ஆனால் இப்போது பழுது மேலே: பிளேட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் 22 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு கால் விட்டிருக்கிறது. 6080இன் கேத்தோடும் அதோடு கீழே இறங்கியிருக்கும். அணைந்த எல்இடி இரண்டிலும் ஒன்றே, பிளேட்டின் எண்தான் வழக்கை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு சேனலும் ஒரே மாதிரி பிசகினால் தனி உறுப்புகளைத் தேடவே வேண்டாம். பொதுவாக உள்ள சப்ளை, ஹீட்டர், கிரவுண்ட் இவற்றில் ஒன்று. சப்ளை 200ஐத் தாண்டி நிற்கிறதா? அப்படியானால் கரண்ட் இழுக்க ஆளில்லை, 6080 சாக்கெட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அணைத்து ஆறவிட்டுத்தான்.

ஹம் என்பது தனி உலகம். வீட்டில் கட்டியவர்களை அதிகம் அலைக்கழிப்பதும் அதுதான், அளவுக்கு மீறிய கட்டுக்கதைகள் உலவுவதும் அங்கேதான். தொண்டையடைத்த மாதிரி தாழ்ந்த 50 ஹெர்ட்ஸா, கொஞ்சம் கரகரப்போடு 100 ஹெர்ட்ஸா என்று முதலில் பிரிக்க வேண்டும். போனிலுள்ள ஸ்பெக்ட்ரம் செயலியே போதும். 100 என்றால் சப்ளையின் ரெக்டிஃபையர் வழியாக வருவது, ஃபில்டர் கெப்பாசிட்டரின் இணைப்பைப் பார்க்க வேண்டும். 50 என்றால் ஹீட்டர் கம்பிகள் கிரிட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கலாம், அவற்றை இறுக்கமாக முறுக்கி சேஸியின் மூலையோடு ஒட்டவிட வேண்டும். அல்லது கிரவுண்ட் வளையம். பிறகு வால்யூமைத் திருகுங்கள். ஹம் கூடிக் குறைந்தால் அது வால்யூமுக்கு முன்னாலிருந்து வருகிறது: இன்புட் கேபிள், பிளேயர், சார்ஜரில் இருக்கும் லேப்டாப். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் மறைந்தால் ஆம்ப்ளிஃபையரைக் கையால் தொடத் தேவையில்லை. வால்யூம் எங்கிருந்தாலும் ஹம் மாறவில்லை என்றால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஒரு காதில் மட்டும் ஹம் என்றால், இந்த சர்க்யூட்டில் இடது வலது வால்வை மாற்றிப் போட்டுப் பார்க்க வழியில்லை. இரண்டு சேனலும் ஒரே வால்வுக்குள் குடியிருக்கின்றன. இன்புட் கேபிள்களை மாற்றிச் செருகலாம். கோளாறு காது மாறினால் அது வெளியிலிருந்து வந்தது. வால்வு உண்மையிலேயே குற்றவாளியாக நிற்கும் ஓர் இடமும் இங்கே உண்டு. 6080இன் கேத்தோடு 100 வோல்ட்டில் மிதக்கிறது, ஹீட்டரோ கிரவுண்டை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் பழைய வால்வில் கசிவு ஏற்பட்டால் ஒரு பக்கம் மட்டும் 50 ஹெர்ட்ஸ் முனகும். மற்ற எல்லா எண்ணும் சரியாக இருந்து இது மட்டும் மிஞ்சினால் அப்போது வேறு வால்வு வாங்கலாம். 12ஏயூ7ஐ நகத்தால் தட்டினால் மணி அடித்தாற்போல ஹெட்போனில் கேட்பதும் வால்வின் சொந்த குணமே. மிதமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டிவிட்டு 'டிரான்ஸ்ஃபார்மர் கர்ரென்கிறது' என்பவர்களுக்கு, மின்சாரம் வரும்வரை காத்திருக்கச் சொல்வதைவிட நல்ல பரிகாரம் கிடையாது.

6ஜே1 வால்வு வைத்த மலிவான கிட்டுகளுக்கு ஒரு குறிப்புப் போதும். அவற்றில் பலவற்றுக்கு 12 வோல்ட் ஏசி அடாப்டர் தேவை, உள்ளே வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சர்க்யூட் இருப்பதால்; வீட்டில் கிடக்கும் டிசி அடாப்டரைச் செருகிவிட்டு ஊமை என்பார்கள். சிலவற்றில் வால்வுக்கு அடியில் ஓர் ஆரஞ்சு எல்இடியை ஒளித்து வைத்திருப்பார்கள். வால்வு ஒளிர்கிறது, ஆகவே வேலை செய்கிறது என்ற வாதம் நிஜமான ஹீட்டரிலேயே பாதி உண்மைதான். இங்கே அதுவும் கிடையாது.

மேம்பாட்டுப் பலகைகளிலும் ஆசை முந்திக்கொள்ளும். கிராக்குக்கு 'ஸ்பீட்பால்' என்று டிரான்சிஸ்டர்களால் நிலையான கரண்ட் தரும் பலகைகள் உண்டு. மூலக் கிட்டையும் அதையும் ஒரே மூச்சில் கட்டிவிட்டால், கோளாறு வரும்போது தேட வேண்டிய இடம் இரண்டு மடங்கு. முதலில் மூலக் கிட் பாடட்டும், எண்கள் எழுதப்படட்டும், பிறகு பலகை ஏறட்டும்.

எல்லா எண்களும் சரியாக இருந்தும் 'பேஸ் இல்லை, சத்தம் போதவில்லை' என்ற புகார் வருவதுண்டு. இது கோளாறே இல்லாத கோளாறு. இந்த சர்க்யூட்டின் அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம் அளவில். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600ஐ மாட்டினால் சிக்னலில் பத்தில் ஏழு பங்கு ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். 32 ஓம் ஹெட்போனுக்குச் சேர்வது ஐந்தில் ஒன்றுதான். அவுட்புட் கெப்பாசிட்டர் 100 மைக்ரோஃபேரட். ஹெட்போனின் ஓம் குறையக் குறைய அது பேஸை முன்னதாகவே நழுவவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து கேட்டால் எந்த ஈயத்தையும் திரும்ப உருக்க வேண்டாம். அந்த ஹெட்போனுக்கு வேறு ஆம்ப்ளிஃபையர் தேடுவதே வழி.

பழுது தீர்ந்தது என்று தோன்றியதும் நல்ல ஹெட்போனைச் செருகிவிடக் கூடாது. ஹெட்போன் ஜாக்கில் டிசி அளந்து, ஓரிரு மில்லி வோல்ட்டுக்கு மேல் இல்லை என்று பார்த்த பிறகும், முதலில் போனால் போகட்டும் என்ற ஒன்றில் கேட்பது நல்லது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி எல்லா முனைகளையும் அளக்க வேண்டும். 6080இன் இரு பாதிகளும் பத்து வோல்ட் வித்தியாசம் காட்டினால் கவலை வேண்டாம், அந்த வால்வில் அது சகஜம். அந்த இரண்டாம் அளவுகளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அடித்தட்டின் உட்புறத்தில் ஒட்டிவிடலாம். கிட்டின் அட்டவணை சராசரியைச் சொல்வது. இந்தத் தாளில் இருப்பவை இந்தப் பெட்டியின் எண்கள். சில ஆண்டுகள் கழித்து வால்வு உண்மையாகவே கிழடு தட்டும்போது, பிளேட்டின் எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட அந்தத் தாள்தான் வேண்டியிருக்கும்.